ஹாஸ்டல் அறையில் சொந்த ரூட்டர் வைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

கடைசிபெஞ்ச்

எங்கள் விடுதி அறிவிப்புப் பலகையில் புதிதாக ஒரு சுற்றறிக்கை. அறைக்குள் சொந்த வைஃபை ரூட்டர், எக்ஸ்டெண்டர் எதுவும் வைக்கக் கூடாதாம். கண்டுபிடித்தால் அந்த அறையின் லேன் போர்ட்டை, அதாவது சுவரில் நெட் கேபிள் சொருகும் இடத்தை, நிறுத்திவிடுவார்களாம். ஏன் என்று ஒரு வரி கூட இல்லை.

என் நிலைமையைச் சொல்கிறேன். கல்லூரி வைஃபை வராந்தாவில் பிரமாதமாக எடுக்கிறது. அறைக்குள் வந்து கதவைச் சாத்தினால் பாதியாகிவிடும், கட்டிலில் படுத்தால் ஒரே ஒரு கோடு. ராத்திரி எல்லோரும் அறைக்குத் திரும்பிய பிறகு அந்த ஒரு கோடும் பெயருக்குத்தான். ஆனால் மேசைக்குப் பின்னால் சுவரில் ஒரு லேன் போர்ட் இருக்கிறது, அதில் நெட் பறக்கிறது. வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரூட்டரைக் கொண்டுவந்து அதில் சொருகினால் எனக்கும் அறைத்தோழனுக்கும் பிரச்சினை தீர்ந்தது.

என் அறை, என் ரூட்டர், எனக்குக் கொடுத்த போர்ட். பக்கத்து அறைக்காரனுக்கு இதில் என்ன போகிறது? "விதி என்றால் விதிதான்" என்று யாரும் எழுத வேண்டாம். அதை வார்டன் ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

பச்சைவிளக்கு

தாராளமாக வையுங்கள் ப்ரோ. வைஃபை பெயர் வெளியே தெரியாதபடி மறைத்துவிட்டு, ரூட்டரை அலமாரிக்குள் தள்ளிவிடுங்கள். நான் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஒரு ஈ காக்கை கூட எட்டிப் பார்க்கவில்லை.

சுவிட்ச்போர்டு

ஒரு கல்லூரியின் நெட்வொர்க் பிரிவில் வேலை பார்க்கிறேன். எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். இந்தச் சுற்றறிக்கை மாதிரி நானும் எழுதியிருக்கிறேன், ஆனால் காரணத்தோடு எழுதுவேன்.

முதலில் பச்சைவிளக்குக்கு. பெயரை மறைத்தால் ரூட்டர் மறையாது. எந்த ரூட்டரும் "நான் இங்கே இருக்கிறேன்" என்று விநாடிக்குச் சுமார் 10 முறை ஒரு சிறு அறிவிப்பை அனுப்பிக்கொண்டே இருக்கும். பீக்கன் என்பார்கள். பெயரை மறைத்தால் அந்த அறிவிப்பில் பெயர் இருக்கும் இடம் மட்டும் காலியாக இருக்கும். ரூட்டரின் மேக் முகவரியும் (கருவிக்குத் தொழிற்சாலையில் கொடுத்த அடையாள எண்) சேனலும் (எந்த அலைவரிசைத் துண்டில் பேசுகிறது என்பது) வழக்கம்போல் போகும், சிக்னல் அளவைக் கேட்பவரே அளந்துகொள்ளலாம். எங்கள் ஆக்சஸ் பாயிண்ட்கள் (கல்லூரி வைஃபையை விடும் பெட்டிகள்) இதையெல்லாம் கேட்டுக் கேட்டுப் பட்டியல் போட்டுக்கொண்டே இருக்கும். பெயர் இல்லாத வரிசைகள்தான் அந்தப் பட்டியலில் முதலில் கண்ணில் படும்.

எந்த அறை என்று பிடிப்பதும் பெரிய வித்தை இல்லை. வீட்டு ரூட்டர்களில் கேபிள் பக்க மேக் முகவரிக்கும் வைஃபை பக்க மேக் முகவரிக்கும் பெரும்பாலும் கடைசி எழுத்தில் ஒன்றிரண்டுதான் வித்தியாசம். காற்றில் கேட்டதையும் சுவிட்சில் (அறைக் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டி) பார்த்ததையும் பக்கத்தில் வைத்தால் ஜோடி சேர்ந்துவிடும். போதாததற்கு நெட்டில் போகும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் (சிறு தகவல் பொட்டலம்) டிடிஎல் என்று ஓர் எண் இருக்கிறது. லேப்டாப் நேராக அனுப்பினால் 64 அல்லது 128 என்று வரும். நடுவில் ஒரு ரூட்டர் இருந்தால் ஒன்று குறைந்து 63, 127 என்று வரும். அவ்வளவுதான். உங்களை யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்றால், ஆள் பற்றாக்குறை என்று அர்த்தம்.

இனி கடைசிபெஞ்சின் கேள்விக்கு வருகிறேன். நஷ்டம் இரண்டு வழியில் வரும். ஒன்று கம்பி வழியாக, இன்னொன்று காற்று வழியாக. கம்பி வழியை நான் சொல்கிறேன்.

ஒரு நாள் காலை ஒரு மாடி முழுக்க நெட் இல்லை என்று புகார். போய்ப் பார்த்தால் எல்லா லேப்டாப்பிலும் இணைப்பு இருப்பதாகத்தான் காட்டுகிறது. ஐபியை (நெட்வொர்க்கில் கருவிக்குக் கிடைக்கும் முகவரி) பார்த்தால் 192.168.0 என்று ஆரம்பிக்கிறது. நாங்கள் கொடுப்பது 10-இல் ஆரம்பிக்கும். ஒரு மாணவரின் லேப்டாப்பில் பிரவுசரைத் திறந்து 192.168.0.1 என்று போட்டேன். அழகாக ஒரு வீட்டு ரூட்டரின் லாகின் பக்கம் வந்து நின்றது.

நடந்தது இதுதான். ரூட்டரின் பின்னால் ஒரு இன்டர்நெட் போர்ட், பக்கத்தில் நான்கு லேன் போர்ட்கள் இருக்கும். சுவரிலிருந்து வரும் கேபிள் இன்டர்நெட் போர்ட்டில்தான் போக வேண்டும். யாரோ லேன் போர்ட்டில் சொருகிவிட்டார்கள். அந்த ரூட்டருக்குத் தன் லேன் பக்கத்தில் இருப்பவர்கள் எல்லோரும் தன் வீட்டுப் பிள்ளைகள்தான். "எனக்கு ஒரு ஐபி வேண்டும்" என்று எந்த லேப்டாப் கேட்டாலும் ஓடிப் போய்க் கொடுக்கும். ஐபி கொடுக்கும் எங்கள் டிஹெச்சிபி சர்வர் இருப்பது வேறு கட்டடத்தில், இந்த ரூட்டர் இருப்பது அதே மாடியில். முதலில் வந்த பதிலைத்தான் பெரும்பாலான கருவிகள் எடுத்துக்கொள்ளும். ஐபி வாங்கிய பிறகு எல்லாரும் அந்த ரூட்டரிடமே வெளியே போக வழி கேட்பார்கள். அதற்கு வெளியே போகவே வழி இல்லை, இன்டர்நெட் போர்ட் காலியாக இருக்கிறதே!

ரூட்டர் வைத்தவர் தப்பாகத்தான் சொருகுவார் என்று நான் சொல்லவில்லை. சரியாகச் சொருகிவிட்டு ஊருக்குப் போயிருப்பார். அறையைப் பெருக்கும்போது கேபிள் கழன்றிருக்கும். அறைத்தோழர் கையில் அகப்பட்ட ஓட்டையில் மாட்டியிருப்பார்.

நள்ளிரவுவீரன்

> முதலில் வந்த பதிலைத்தான் பெரும்பாலான கருவிகள் எடுத்துக்கொள்ளும்

சார், இதற்கு டிஹெச்சிபி ஸ்னூப்பிங் என்று சுவிட்சிலேயே வசதி இருக்கிறதே? அறைப் பக்கத்து போர்ட்களிலிருந்து ஐபி கொடுக்கும் பதில் வந்தால் சுவிட்சே தூக்கிப் போட்டுவிடும். உங்கள் சுவிட்சை ஒழுங்காக அமைக்காததற்கு எங்கள் ரூட்டரைக் குறை சொன்னால் எப்படி?

சுவிட்ச்போர்டு

நியாயமான அடி, வாங்கிக்கொள்கிறேன். ஸ்னூப்பிங் போட்ட கட்டடங்களில் இந்தத் தொல்லை நின்றே போனது. சுற்றிவளைத்து ஒரே கேபிளின் இரு முனைகளையும் இரண்டு போர்ட்டில் மாட்டுபவர்களுக்காக லூப் தடுப்பும் போட்டிருக்கிறோம். அது இல்லாவிட்டால் ஒரே பாக்கெட் வட்டமடித்து வட்டமடித்துப் பெருகி மாடியே முடங்கும். ஆனால் பழைய கட்டடத்து சுவிட்ச்கள் சிலவற்றில் இந்த வசதிகளே கிடையாது. மாற்றக் கேட்டு எழுதியிருக்கிறோம், கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது. கோப்பு நகரும் வேகம் உங்களுக்குத் தெரியாததா.

ஆகவே கம்பி வழி நஷ்டத்தைக் கல்லூரி நினைத்தால் தடுக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். காற்று வழியைத்தான் எந்த சுவிட்சாலும் தடுக்க முடியாது.

அலைவரிசை

காற்றைப் பற்றி நான் எழுதுகிறேன், மின்னணுவியல் பாடம் எடுப்பவன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய ரூட்டர் என்றால் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைப்பட்டைதான். அதில் 13 சேனல்கள், சில நாடுகளில் 11. எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஒரு சேனலுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ். வைஃபை சிக்னலின் அகலமோ 20 மெகாஹெர்ட்ஸ். ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கம் பக்கமாக வைத்தால் தேறுவது மூன்றே மூன்று: 1, 6, 11. கல்லூரிக்காரர்கள் ஆக்சஸ் பாயிண்ட்களை வைக்கும்போது பக்கத்தில் பக்கத்தில் இருப்பவற்றுக்கு ஒரே சேனல் வராதபடி இந்த மூன்றையும் மாற்றி மாற்றிக் கொடுத்திருப்பார்கள். அதற்கு நடுவில் அறைக்கு ஒரு ரூட்டர் முளைத்தால் அந்தக் கணக்கு அங்கேயே முடிந்தது.

வைஃபையில் பேசும் எந்தக் கருவியும் முதலில் காதைக் கொடுத்துக் கேட்கும். சேனலில் யாராவது பேசினால் காத்திருக்கும். ஓய்ந்த பிறகு கொஞ்சம் தாமதித்துப் பேசும். அது உங்கள் நெட்வொர்க்கா, அடுத்த அறைக்காரன் நெட்வொர்க்கா என்ற பேதமெல்லாம் இல்லை. ஒரே சேனலில் காதில் விழுகிற தூரத்தில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும். "என் ரூட்டர்" என்பது சரி, "என் காற்று" என்று ஒன்று கிடையாது.

இதிலும் மோசம் 3, 4, 8 என்று நடுவில் சேனல் வைப்பது. 'காலியாக இருக்கிறதே' என்று செயலியில் பார்த்து வைப்பார்கள். ஒரே சேனலில் இருந்தால் முறை வைத்தாவது பேசுவார்கள். பாதி மேலே ஏறி நிற்கும் சேனலில் இருப்பது மற்றவர்களுக்கு வெறும் இரைச்சல். 1-இல் இருப்பவருக்கும் கெடும், 6-இல் இருப்பவருக்கும் கெடும், நடுவில் வைத்தவருக்கும் கெடும்.

இப்போது சுவிட்ச்போர்டு சொன்ன பீக்கனுக்கு வருவோம். பீக்கனை எல்லாக் கருவிக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக இருப்பதிலேயே மெதுவான வேகத்தில் அனுப்புவார்கள். 1999-ஆம் ஆண்டுத் தரத்துக் கருவிகளுக்கும் இடம் கொடுக்கும் அமைப்பில் அது விநாடிக்கு 1 மெகாபிட். 250 பைட் பீக்கன் ஒன்று என்றால் 2,000 பிட், அனுப்ப 2 மில்லிவிநாடிக்குக் கொஞ்சம் மேல். விநாடிக்கு 10 முறை என்றால் சுமார் 2 சதவீத நேரம் அதற்கே போச்சு. ஒரு ரூட்டருக்கு 2 சதவீதம் பெரிதில்லை. ஒரே சேனலில் காதில் விழும்படி 20 ரூட்டர்கள் இருந்தால்? யாரும் ஒரு பக்கம் கூடத் திறக்காமலே காற்றில் 40 சதவீத நேரம் போச்சு. நாலு கோடு முழுசாகக் காட்டியும் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். கோடு காட்டுவது சிக்னலின் பலத்தை. காற்று காலியாக இருக்கிறதா என்பதை அது காட்டாது.

பச்சைவிளக்கு

என் ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸ். 2.4-ஐ அணைத்தே வைத்திருக்கிறேன். இப்போது என்ன சொல்வீர்கள்?

அலைவரிசை

பாராட்டுவேன். நிஜமாகத்தான். 5 கிகாஹெர்ட்ஸில் சேனல்கள் நிறைய, அலையும் சுவரைத் தாண்டும்போது சீக்கிரம் களைத்துவிடும். 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், சக்தியைக் குறைத்து, ஒரே அறைக்குள் ஓட்டினால் அடுத்தவருக்குத் தொல்லை மிகக் குறைவு. 6 கிகாஹெர்ட்ஸ் பட்டையைத் திறந்துவிட்ட நாடுகளில் இன்னும் சௌகரியம்.

ஆனால் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே வைக்கும் ரூட்டர் 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்திலும் முழுச் சக்தியிலும்தான் வரும். அதாவது ஒருவரே நாலு சேனலை வளைத்துப் போட்டுக்கொள்வார். 52-க்கு மேல் உள்ள சேனல்களில் பெரும்பாலானவை ரேடாருக்கும் பொது. ரூட்டர் அங்கே போக வேண்டுமானால் குறைந்தது ஒரு நிமிடம் ரேடார் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் பேச வேண்டும், நடுவில் ரேடார் கேட்டால் உடனே கிளம்ப வேண்டும். அந்தத் தலைவலி வேண்டாம் என்று பல ரூட்டர்கள் அந்தப் பக்கமே போகாமல் மீதிச் சேனல்களில் குவிந்துவிடும்.

நீங்கள் அமைப்பைத் திருத்தி வைத்திருக்கிறீர்கள். உங்கள் மாடியில் எத்தனை பேர் அதைச் செய்வார்கள்? கல்லூரி ஒவ்வொரு அறையாக வந்து மெனுவைத் திறந்து பார்க்க முடியாது, அதனால் ஒட்டுமொத்தமாகக் கூடாது என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கும் அது முழுத் திருப்தி இல்லை.

முதுகலைமூலை

எல்லோரும் மாணவர்களையே வகுப்பு எடுக்கிறீர்கள். மாணவர் ரூட்டர் கொண்டுவருவது ஆசைக்காகவா?

விடுதி வைஃபையில் பயனர்பெயர், கடவுச்சொல் இரண்டும் கேட்கும் 802.1எக்ஸ் முறைதான் பெரும்பாலும். பல நாட்டுக் கல்வி நிறுவனங்களுக்குப் பொதுவான எட்யுரோம் வைஃபை வைத்திருக்கும் இடங்களிலும் இதே. போன், லேப்டாப் எல்லாம் சேர்ந்துவிடும். பிரிண்டர், ஸ்பீக்கர், டிவியில் சொருகும் ஸ்டிக், கேம் கன்சோல் இவற்றில் பலவற்றுக்கு அந்த முறையே தெரியாது, கடவுச்சொல் ஒன்றை மட்டும்தான் கேட்கும். சரி, எப்படியோ சேர்த்துவிட்டாலும் ஒரே வைஃபையில் இருக்கும் கருவிகள் ஒன்றோடொன்று பேச முடியாதபடி தடுத்து வைத்திருப்பார்கள். பாதுகாப்புக்கு அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் போனிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் பிரிண்டருக்கு ஒரு பக்கம் அனுப்ப முடியாது. அப்போது கடையில் போய் ஒரு ரூட்டர் வாங்கத்தானே தோன்றும்?

அப்புறம் அந்த வராந்தா விஷயம். கடைசிபெஞ்ச் சொன்னதைக் கவனித்தீர்களா? வராந்தாவில் பிரமாதம், கட்டிலில் ஒரு கோடு. ஆக்சஸ் பாயிண்ட் வராந்தா கூரையில் மாட்டியிருக்கிறது என்று பார்க்காமலே சொல்லலாம். நீளமான வராந்தாவில் வரிசையாக மாட்டினால் அவை ஒன்றுக்கொன்று நன்றாகக் கேட்கும், ஒரே சேனலில் இருப்பவை ஒன்றையொன்று காத்திருக்க வைக்கும். கேட்க வேண்டிய மாணவர்களோ சுவர், கதவு, இரும்பு அலமாரி எல்லாவற்றுக்கும் பின்னால். மாட்டுவதற்கு எளிது, ஏணி வைக்க இடம் இருக்கிறது, அவ்வளவுதான் அந்த இடத்துக்கு உள்ள பெருமை. சுவர் லேன் போர்ட்டின் மேலேயே பொருத்தும் சின்ன ஆக்சஸ் பாயிண்ட்கள் இருக்கின்றன, அறைக்கு ஒன்றோ ஓர் அறை விட்டு ஓர் அறையோ குறைந்த சக்தியில் வைக்கலாம். அதைச் செய்யாமல் சுற்றறிக்கை மட்டும் ஒட்டினால் ரூட்டர் வரத்தான் செய்யும்.

சுவிட்ச்போர்டு

வராந்தா பற்றிச் சொன்னது அத்தனையும் உண்மை. எங்கள் பழைய கட்டடங்களும் அப்படித்தான், நான் சேர்வதற்கு முன் மாட்டியவை.

பிரிண்டர், கன்சோல் வகைக்கு இரண்டு தீர்வுகள் இருக்கின்றன, உங்கள் கல்லூரியில் கேட்டுப் பாருங்கள். ஒன்று, கருவியின் மேக் முகவரியைப் பதிவு செய்து தனி நெட்வொர்க்கில் விடுவது. இன்னொன்று இன்னும் நல்லது: ஒரே வைஃபை பெயர், ஆனால் ஒவ்வொரு மாணவருக்கும் தனிக் கடவுச்சொல். உங்கள் கடவுச்சொல்லில் சேர்ந்த கருவிகள் மட்டும் ஒன்றையொன்று பார்க்கும், பக்கத்து அறைக்காரரின் பிரிண்டர் உங்களுக்குத் தெரியாது. வீட்டு ரூட்டர் மாதிரியே இருக்கும், காற்றில் புதிதாக ஒரு பீக்கன் கூடச் சேராது. எங்களிடம் இரண்டு கட்டடங்களில் இதைப் போட்டோம், அங்கே ரூட்டர்கள் தாமாகவே காணாமல் போயின.

மேக் பதிவு செய்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இப்போதைய போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய்யான மேக் முகவரியைக் காட்டும். ஆண்ட்ராய்டில் 2019-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்தும், ஐபோனில் 2020-இல் வந்த ஐஓஎஸ் 14-இலிருந்தும் இது தானாகவே இயங்கும். அமைப்புகளில் காட்டும் முகவரியைப் பதிவு செய்துவிட்டு, நெட்வொர்க்கை 'மறந்து' மறுபடி சேர்த்தால் சில போன்களில் எண் மாறிவிடும். "நேற்று வந்தது, இன்று வரவில்லை" என்ற புகார்களில் ஒரு நல்ல பங்கு இது.

நள்ளிரவுவீரன்

கேம் ஆடுபவர்கள் சார்பாக: கன்சோலுக்கு ரூட்டரே வேண்டாம். நேராக லேன் கேபிள். கல்லூரியே ஒரு நேட் (பல கருவிகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்கும் முறை) போட்டிருக்கும், அதன் பின்னால் உங்கள் ரூட்டர் இன்னொரு நேட் போடும். இரண்டு கதவைத் தாண்டி யாரும் உங்களைத் தேடி உள்ளே வர முடியாது, கன்சோல் 'ஸ்ட்ரிக்ட்' என்று முறைக்கும், பாதிப் பேருடன் சேர்ந்து ஆட முடியாது, குரலும் வராது.

ஒரே போர்ட், கருவிகள் மூன்று என்றால் சாதாரண 5 போர்ட் சுவிட்ச் போதும். அது ஐபி கொடுக்காது, வைஃபை விடாது, சுற்றறிக்கையிலும் பெரும்பாலும் அதன் பெயர் இருக்காது. (சுவிட்ச்போர்டு சார், முறைக்காதீர்கள்.)

சுவிட்ச்போர்டு

முறைக்கவில்லை. ஆனால் சில இடங்களில் ஒரு போர்ட்டுக்கு இத்தனை மேக் முகவரிதான் என்று வரம்பு போட்டிருப்பார்கள். மீறினால் போர்ட் தானாக அணைந்துவிடும். கேட்டுவிட்டுச் சொருகுங்கள். சுவிட்சின் ஒரு போர்ட்டிலிருந்து அதே சுவிட்சின் இன்னொரு போர்ட்டுக்குக் கேபிள் போடாமல் இருந்தால் உங்களுக்குப் புண்ணியம்.

காகிதக்கப்பல்

யாரும் தொடாத ஒன்று. ரூட்டருக்குப் பின்னால் எத்தனை பேர் இருந்தாலும் வெளியே தெரிவது ஒரே முகவரி. அந்த போர்ட் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அறைத்தோழனின் நண்பனின் நண்பன் கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டு போய் எதையோ இறக்கினால் ஒழுங்கு நடவடிக்கைக் கடிதம் உங்கள் பெயருக்கு வரும். "நான் இல்லை" என்று காட்ட உங்களிடம் என்ன பதிவு இருக்கிறது? வீட்டு ரூட்டரை அணைத்துப் போட்டால் அதிலுள்ள பதிவுகள் பெரும்பாலும் அழிந்துவிடும்.

"வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரூட்டர்" என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பழைய ரூட்டர்களில் பட்டனை அழுத்திச் சேரும் டபிள்யூபிஎஸ் வசதியோடு 8 இலக்கப் பின் எண் ஒன்றும் இருக்கும். 8 இலக்கம் என்றால் 10 கோடி வாய்ப்புகள் என்று நினைப்போம். கடைசி இலக்கம் மற்ற ஏழைச் சரிபார்க்க வைத்தது. அதோடு முதல் நாலு சரியா, அடுத்த பாதி சரியா என்று ரூட்டர் தனித்தனியாகவே சொல்லிவிடும். ஆக 10,000 கூட்டல் 1,000, மொத்தம் 11,000 முயற்சிதான். இது 2011-இல் வெளியானது. 2016-இல் மிராய் என்ற தீநிரல் கேமரா, ரூட்டர் என்று லட்சக்கணக்கான கருவிகளைப் பிடித்தது, அதுவும் தொழிற்சாலையில் வைத்த பயனர்பெயர், கடவுச்சொல் ஜோடிகள் அறுபது சொச்சத்தை முயன்று பார்த்தே. நிறுவனம் புதுப்பிப்பு தருவதை நிறுத்திவிட்ட ரூட்டரை, ஆயிரம் லேப்டாப் இருக்கும் கட்டடத்துக்குள் கொண்டுவரப் போகிறீர்கள்.

பச்சைவிளக்கு

சரி, ரூட்டரை விடுங்கள். போனில் ஹாட்ஸ்பாட் போட்டால்? என் சிம், என் டேட்டா. கல்லூரிக் கம்பியையே தொடவில்லை. அதையும் தடுப்பார்களா? எங்கள் நூலகத்தில் ஹாட்ஸ்பாட் போட்டால் லேப்டாப் தொடர்ந்து அறுந்து அறுந்து போகிறது. எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

காகிதக்கப்பல்

அறுத்துவிட வழி இருக்கிறது. "இணைப்பைத் துண்டித்துக்கொள்" என்று ஹாட்ஸ்பாட்டின் பெயரிலேயே போலிச் செய்தி அனுப்பினால் லேப்டாப் நம்பிவிடும். அமெரிக்காவில் மேரியட் ஹோட்டல் நிறுவனம் தன் விருந்தினர்களின் ஹாட்ஸ்பாட்களை இப்படித் துண்டித்ததற்காக 2014-இல் அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசிக்கு 6 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. தன் கம்பியில் யார் சொருகலாம் என்று தீர்மானிக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு, பொதுக் காற்றில் அடுத்தவர் பேச்சை அறுக்க அங்கே உரிமை இல்லை. வேறு நாடுகளில் சட்டம் என்ன சொல்கிறது என்று அந்தந்த நாட்டு விதியைத்தான் பார்க்க வேண்டும். டபிள்யூபிஏ3 என்ற புதிய வைஃபை பாதுகாப்பு முறையில் இந்தப் போலிச் செய்தி எடுபடாது, துண்டிப்புச் செய்திக்கும் கையொப்பம் கேட்கும். உங்கள் போனில் அந்தத் தேர்வு இருந்தால் போட்டுப் பாருங்கள். அப்போது அறுபடாமல் நின்றால் சந்தேகத்துக்குக் கொஞ்சம் வலு வரும்.

அலைவரிசை

சதிக்கு முன் கூட்டத்தைச் சந்தேகியுங்கள். நூலகத்தில் ஆளுக்கொரு ஹாட்ஸ்பாட் என்றால் அதுவும் ஆளுக்கொரு பீக்கன்தான். போனையும் லேப்டாப்பையும் யூஎஸ்பி கேபிளால் இணைத்து நெட்டைப் பகிருங்கள். வேகமும் வரும், போனும் சார்ஜ் ஏறும், காற்றும் பிழைக்கும். வைஃபை டைரக்ட் போட்டுவிட்டு மறந்த பிரிண்டர்களும் இதே கணக்குதான். ஒரு செயலியைத் திறந்து பாருங்கள், 'டைரக்ட்' என்று ஆரம்பிக்கும் பெயர்கள் எத்தனை என்று. யாரும் பயன்படுத்தாமலே கத்திக்கொண்டிருப்பவை அவை.

கடைசிபெஞ்ச்

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை.

ஒரு நீளமான தட்டைக் கேபிள் வாங்கி, சுவர் ஓரமாக ஓட்டி, லேப்டாப்பை நேராகப் போர்ட்டில் சேர்த்துவிட்டேன். வீடியோ வகுப்பு இப்போது நிற்பதே இல்லை. போனுக்குத்தான் இன்னும் வழி இல்லை. கட்டிலில் சிக்னல் மைனஸ் 76 டிபிஎம், வராந்தாவில் மைனஸ் 48 (பூஜ்ஜியத்திலிருந்து எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு பலவீனம்). முதுகலைமூலை சொன்னது சரி, ஆக்சஸ் பாயிண்ட் வராந்தா கூரையில்தான் இருக்கிறது, அதுவும் எங்கள் அறைக்கும் அதற்கும் நடுவில் குளியலறை.

அறைத்தோழன் ஒரு யோசனை சொல்கிறான். லேப்டாப்புக்குக் கேபிளில் நெட் வருகிறது, விண்டோஸில் 'மொபைல் ஹாட்ஸ்பாட்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அழுத்தினால் போன்களுக்கு வைஃபை கிடைக்கிறது. இது ரூட்டர் இல்லையே?

சுவிட்ச்போர்டு

உங்கள் அறைத்தோழன் பிற்காலத்தில் வக்கீல் ஆவார்.

அதுவும் ரூட்டர்தான். வைஃபை விடுகிறது, ஐபி கொடுக்கிறது, நேட் போடுகிறது. 192.168.137 என்று ஆரம்பிக்கும் ஐபியைக் கொடுக்கும். பழைய இணைப்புப் பகிர்வு அமைப்பில் திசையை மாற்றிப் பகிர்ந்துவிட்டு, கேபிள் பக்கம் மாடிக்கே 137 கொடுத்த லேப்டாப்களும் உண்டு. லேப்டாப் மூடினால் நின்றுவிடுகிறது என்பதால் தொல்லை குறைவு, நான் அதற்காக யார் போர்ட்டையும் அணைத்ததில்லை. உங்கள் கல்லூரியில் எப்படியோ.

மைனஸ் 76 என்று எழுதினீர்களே, அதுதான் உங்கள் கையில் இருக்கும் நல்ல ஆயுதம். "நெட் ஸ்லோ" என்று வரும் புகாரை வைத்துக்கொண்டு நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது. அறை எண், கட்டில் எந்தச் சுவர் பக்கம், எந்த நேரம், போன் எந்த ஆக்சஸ் பாயிண்ட்டில் எந்தச் சேனலில் சேர்ந்திருக்கிறது, சிக்னல் எவ்வளவு, இத்தனையும் எழுதி அனுப்புங்கள். பொதுவாக மைனஸ் 67-க்குக் கீழே போனால் வீடியோ அழைப்பு திணற ஆரம்பிக்கும் என்று வைத்துத்தான் நாங்களே வரைபடம் போடுவோம். உங்கள் வரிசையில் உள்ள மற்ற அறைக்காரர்களையும் அதே அளவை எடுத்துச் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரு அறையின் புகார் என்றால் "கருவியில் கோளாறு" என்று மூடிவிடலாம். ஒரே குளியலறைக்குப் பின்னால் இருக்கும் ஆறு அறைகள் ஒரே எண்ணைச் சொன்னால் யாரும் மூட முடியாது.

முதுகலைமூலை

சேர்த்துக்கொள்ளுங்கள்: அறைக் கதவைத் திறந்து வைத்து ஒரு அளவு, சாத்தி ஒரு அளவு. கதவு ஒன்றே எவ்வளவு விழுங்குகிறது என்று தெரிந்தால் ஆக்சஸ் பாயிண்ட்டை உள்ளே வைக்கச் சொல்ல அதைவிட நல்ல வாதம் கிடையாது.

கடைசிபெஞ்ச்

எங்கள் வரிசை வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டேன். ராத்திரி கூட்டம் இருக்கும் நேரத்திலேயே அளக்கச் சொல்லியிருக்கிறேன். அறைத்தோழன் பொத்தானை அணைத்துவிட்டான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

பச்சைவிளக்கு

என்னுடையதில் அகலத்தை 80-இலிருந்து 20 ஆக்கிவிட்டேன், சக்தியையும் பாதியாகக் குறைத்துவிட்டேன். மறைத்திருந்த பெயரையும் திறந்துவிட்டேன், எப்படியும் தெரியத்தான் போகிறது என்றீர்களே. பெயரை என்ன வைக்கலாம் என்று யாராவது யோசனை சொல்லுங்கள்.

சுவிட்ச்போர்டு

அறை எண்ணையே வையுங்கள். எனக்கு வேலை மிச்சம்.